ஹீலியத்தில் 2:1 வரவில்லையே?

ஹீலியம் அணுவின் ஆற்றல் மட்ட அட்டவணையில் 2:1 விகிதம் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அட்டவணையைத் தப்பாகப் படிக்கவில்லை நீங்கள். லாண்டே இடைவெளி விதியை ஹீலியத்துக்குப் போட்டதுதான் சிக்கல். அடுத்தடுத்த இரு மட்டங்களின் இடைவெளி, அவற்றில் பெரிய ஜே-க்கு (மொத்தக் கோண உந்த எண்) நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அந்த விதி. 2பி டிரிப்லெட்டில் (நெருங்கி நிற்கும் மூன்று மட்டங்கள்) ஜே=2–1, ஜே=1–0 இடைவெளிகள் 2:1 வரும் என்று எதிர்பார்த்தீர்கள். இருப்பதோ 2.29, 29.62 கிகாஹெர்ட்ஸ். ஜே=0 எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதும் அச்சுப்பிழை அல்ல. (நானும் கோட்டூர்புரம் நூலகத்தில் ஒரு மழைநாள் முழுக்க, குறியை எங்கே மாற்றிப் போட்டேன் என்று தேடியிருக்கிறேன்.)

ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு (எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது தற்சுழற்சி, தன் சுற்றோட்டத்தோடு பிணைவது) மட்டும் மட்டங்களின் பிளவை உண்டாக்கினால்தான் அந்த விதி செல்லும். ஹீலியத்தில் இரு எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் தமக்குள் காந்தமாக இழுபறி செய்கின்றன (ஸ்பின்-ஸ்பின்). ஒன்றின் ஸ்பின் மற்றதன் சுற்றோட்டத்தோடும் பிணைகிறது. இவையும் ஏறக்குறைய அதே அளவு பெரியவை. ஸ்பின்-ஆர்பிட் அணு எண்ணின் நான்காம் அடுக்கில் வளரும், ஸ்பின்-ஸ்பின் மூன்றாம் அடுக்கில்தான். அதனால்தான் லேசான அணுவில் இந்தத் தொல்லை.

சரிபார்க்க, ஹீலியத்தைவிடக் கனமான மெக்னீசியத்தின் 3பி டிரிப்லெட்டை எடுங்கள்: இடைவெளிகள் அலை எண்ணில் (செ.மீ⁻¹) 40.71, 20.06. வகுத்தால் 2.03.

அதற்காகப் பாதரசம் வரை போய்விடாதீர்கள். அங்கே ஸ்பின்-ஆர்பிட் மிகப் பலமாகி சுற்றோட்டங்களைத் தனியாகவும் ஸ்பின்களைத் தனியாகவும் கூட்டிப் பிறகு சேர்க்கும் எல்-எஸ் பிணைப்பே தளர்கிறது; 6பி டிரிப்லெட்டில் விகிதம் சுமார் 2.6.