விடுதிக்காரர் வாயால் சொன்ன அனுமதி

குன்னூர் விடுதி உரிமையாளர் தேநீர் குடிக்கும்போது “எங்கள் இணையதளத்தை முழுக்கச் சோதித்துப் பாருங்கள்” என்றாராம். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருளை இன்றிரவே ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், நண்பரே. முன்பதிவுப் பக்கம் அவருடையது. பணம் செலுத்தும் பக்கம் வேறொரு நிறுவனத்துடையது, தளம் இயங்கும் சர்வர் கணினியும் வாடகை. வாடகைக்கு இருப்பவர் பக்கத்து வீட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்லலாமா?

2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியைக் கேட்கிறது. மோசடி நோக்கம் என்று வழக்கு வந்தால் 66-ஆவது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை.

கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள்: எந்த முகவரிகள், எந்தத் தேதி, எத்தனை மணி முதல், தளம் நின்றுபோனால் யாரை எழுப்புவது. பணப் பக்கத்தைத் தொடமாட்டேன் என்றும் எழுதுங்கள். சர்வர் நிறுவனத்தின் சோதனை விதிகளையும் படித்துவிடுங்கள். மே மாத சீசனில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அறை நிரம்பும் நேரத்தில் தளம் நின்றால் அந்தத் தேநீர் நட்பு அன்றோடு சரி.