மார்செல் தாலியோ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குணச்சித்திர நடிகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் மார்செல் தாலியோவின் பெயரைப் பார்த்துவிட்டு ‘தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ பார்த்தேன். அதில் பிரபுவாக வருபவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தேடினால், ‘காசாபிளாங்கா’வில் ரூலெட் சூதாட்ட மேஜையில் நிற்கிறவர் அவர்தானாம். பிரான்சில் பிரபு, ஹாலிவுட்டில் பெயர்ப்பட்டியலில்கூட இடமில்லாத துண்டு வேடம். அவரைத் தோற்றுப்போன நடிகர் என்றுதானே சொல்ல வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேடம் சிறுத்தது உண்மைதான். ஆனால் தோற்றுப்போனவர் என்று என்னால் சொல்ல முடியாது.

தாலியோ பாரிஸில் பிறந்தவர். இயற்பெயர் இஸ்ரேல் மோஷே பிளாவ்ஷில்ட். பெற்றோர் ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்து இயக்குநர்கள் கொடுத்ததெல்லாம் சந்தேகத்துக்குரிய ஆசாமி வேடங்கள்தான். ‘பெப்பே லெ மோகோ’வில் (1937) போலீசுக்குத் துப்புக் கொடுப்பவன். அதே வருடம் இயக்குநர் ழான் ரெனுவார் ‘கிராண்ட் இல்யூஷன்’ படத்தில் அவரை லெப்டினன்ட் ரோசெந்தால் ஆக்கினார். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் கைதியான பணக்கார யூதர். வீட்டிலிருந்து வரும் உணவுப் பொட்டலங்களைச் சக கைதிகளோடு பங்குபோட்டுக்கொள்கிறார். சக கைதியாக வரும் ழான் காபனோடு தப்பி ஓடும்போது கால் பிசகிவிடுகிறது. பசியிலும் எரிச்சலிலும் காபன் அவரை யூதன் என்று திட்டிவிட்டு விலகிப் போகிறார், பிறகு திரும்பி வருகிறார். அந்த இடைவெளியில் தாலியோ செய்வதைப் பாருங்கள். ஒரு துளி சுயஇரக்கம் கிடையாது.

1939இல் ரெனுவார் இன்னும் துணிந்தார். நீங்கள் பார்த்த படத்தில் பிரபு லா ஷெனே வேடம். வேலைக்காரர்கள் சாப்பிடும் காட்சி நினைவிருக்கிறதா? பிரபுவின் தாய்வழித் தாத்தா ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த ரோசெந்தால் என்று ஒருவன் வம்பு பேசுகிறான். பழைய படத்தின் அதே பெயர்! சமையல்காரர் மட்டும் பிரபுவின் பக்கம் நிற்கிறார். காரணம், உருளைக்கிழங்கு சாலட்டில் ஒயினைக் கிழங்கு சூடாக இருக்கும்போதே ஊற்றவில்லை என்பதைக் கண்டுபிடித்துத் திட்டத் தெரிந்தவர் பிரபு. (எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த சமூகவியல் இதுதான்.) ஒரு யூதர் பிரெஞ்சுப் பிரபுவாக நடிப்பதை அன்றைய பாரிஸில் பலரால் சகிக்க முடியவில்லை. படம் பல காரணங்களால் தோற்றது, இதுவும் அதில் ஒன்று. வெட்டிச் சுருக்கினார்கள், சில மாதங்களில் அரசு தடையே போட்டது.

தான் புதிதாக வாங்கிய பெரிய இசை இயந்திரத்தை விருந்தினர்களுக்குத் திறந்துகாட்டி, பக்கத்தில் அவர் நிற்கிற ஷாட்டை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். பெருமை, கூச்சம், ‘இவர்களுக்குப் பிடிக்குமா’ என்ற பதற்றம், எல்லாம் ஒரே முகத்தில். தான் எடுத்தவற்றிலேயே சிறந்த ஷாட்டாக ரெனுவார் பிற்காலத்தில் அதைச் சொன்னார்.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை நெருங்கியதும் தாலியோவும் இளம் மனைவி மாத்லென் லெபோவும் பாரிஸை விட்டு ஓடினார்கள். லிஸ்பன் போய்க் கப்பல் ஏறினார்கள். கையில் இருந்த சிலி நாட்டு விசா போலி என்பது மெக்சிகோவில்தான் தெரிந்தது. கடைசியில் கனடா கொடுத்த தற்காலிகக் கடவுச்சீட்டில் அமெரிக்கா போனார்கள். இதற்கிடையே பாரிஸில் ‘யூதன் இப்படித்தான் இருப்பான்’ என்று காட்ட நாஜிகள் போஸ்டரில் போட்டது தாலியோவின் முகத்தை. பெற்றோர் வதைமுகாம்களில் இறந்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த ரூலெட் மேஜைக்கு வாருங்கள். பல்கேரிய இளைஞன் விசாவுக்கான பணத்துக்காகச் சூதாடித் தோற்றுக்கொண்டிருக்கிறான். விடுதி முதலாளியாக வரும் போகார்ட் 22இல் வைக்கச் சொல்கிறார். மேஜைக்காரர் எமில், அதாவது தாலியோ, ஒரு பார்வை பார்க்கிறார், 22 விழுகிறது. மறுபடியும் 22. அப்புறம் போகார்ட் கணக்குக் கேட்டால், நினைத்ததைவிடச் சில ஆயிரம் குறைவு என்கிறார் எமில். போலி விசாவோடு கடல் கடந்தவர் அதை நடத்துகிறார் என்பது பார்க்கிற நமக்குத்தான் உறைக்கிறது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, எமிலுக்கு அதுதான் வேண்டும். இங்கே சூதாட்டமா என்று போலீஸ் அதிகாரியாக வரும் கிளாட் ரெய்ன்ஸ் அதிர்ச்சி காட்டும் நொடியில் ரெய்ன்ஸே ஜெயித்த பணத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறவரும் இவரே. கொடுக்கிறவர் லேசாகச் சிரித்திருந்தால் சினிமாவின் மிகப் பிரபலமான அந்த நகைச்சுவை செத்திருக்கும். (அதே படத்தில் கண்ணீரோடு பிரெஞ்சு தேசிய கீதமான மார்செயேஸ் பாடும் பெண்தான் லெபோ. படப்பிடிப்பு நடந்த 1942லேயே இருவரும் பிரியத் தொடங்கிவிட்டார்கள்.)

ஆகவே எமில் வேடத்தில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹாலிவுட் அவரிடம் கேட்டது உச்சரிப்பை மட்டும்தான். ‘டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்’டில் விடுதிக்காரர், ‘ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்’ படத்தில் நீதிபதி, ‘சப்ரினா’வில் வயதான பாரன், அதாவது பிரபு. எல்லாம் சுத்தமான வேலை. பிரான்சும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. லா ஷெனேயின் அந்தப் பதற்றத்தை நம்பி ஒரு படத்தை அவர் தோளில் வைக்க ரெனுவாருக்குப் பிறகு யாரும் துணியவில்லை. தோல்வி யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

1973இல் வந்த ‘ராபி ஜேக்கப்’பையும் தேடிப் பாருங்கள். லூயி த ஃப்யூனெஸ் யூத மதகுருவாக வேஷம் போட்டு அமர்க்களம் செய்யும் காமெடி. அதில் நிஜமான ராபி தாலியோதான், நரைத்த தாடியோடு. அவர் இறந்தது 1983இல். நீங்கள் முதலில் ‘கிராண்ட் இல்யூஷன்’ பார்த்துவிட்டு எழுதுங்கள், மேலே பேசலாம்.

அன்புடன்