இரவு ஒரு மணிக்கும் கைப்பேசி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகன் உயர்நிலை 3 படிக்கிறான். பள்ளிவிட்டு வந்ததும் கைப்பேசியோடு அறைக்குள் போனால் இரவு 1 மணி வரை அதே கதிதான். பிடுங்கினால் கத்துகிறான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: அவனுடைய நண்பர்கள் இருக்கிறார்கள். வகுப்புக் குழுவில் ஒரு ராத்திரி இல்லாவிட்டால், மறுநாள் எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவனுக்குப் புரியாது. பதினைந்து வயதில் அது பெரிய வலி. பாராட்டுக்கும் புதுமைக்கும் துள்ளுகிற மூளைப்பகுதி அந்த வயதில் முழு வேகத்தில் இருக்கும். ‘போதும்’ என்று நிறுத்துகிற மூளையின் முன்பகுதி முதிர 25 வயதுவாக்கில் ஆகிவிடும். அடுத்த ‘லைக்’ எப்போது வரும் என்று தெரியாது, விரலால் தள்ளத் தள்ள வீடியோவும் தீராது. அந்த வயதுப் பிள்ளையை அங்கேயே உட்கார வைக்க இவை போதும்.

முதலில் காப்பாற்ற வேண்டியது தூக்கத்தை. 13 முதல் 18 வயது வரை தினம் 8 முதல் 10 மணி நேரம் தேவை. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் பிந்துகிறது. காலை 6 மணிக்கு எழ வேண்டியவன் 1 மணிக்குப் படுத்தால் கிடைப்பது 5 மணி நேரம்தான். மறுநாள் எரிந்து விழுவதற்கு அந்தத் தூக்கக் குறைவே பல வேளை காரணம்.

சார்ஜரை வரவேற்பறைக்கு மாற்றுங்கள். அப்பா, அம்மா கைப்பேசிகளும் அங்கேதான் தூங்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது. ‘அலாரத்துக்கு வேண்டுமே’ என்பான். மலிவான அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒரே நாளில் 1 மணியிலிருந்து 10.30க்கு இழுக்க வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். வார இறுதியில் பகல் வரை தூங்க விட்டால் திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பிடுங்குவதைப் பற்றி ஒன்று. குழுவாக ஆடும் இணைய விளையாட்டை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியேறினால் அணி தோற்கும், அவன் கணக்குக்கும் தண்டனை விழும். ‘இந்த ஆட்டம் முடிய எத்தனை நிமிஷம்?’ என்று கேட்டு, அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். கத்தல் பாதி குறையும்.

படிப்புக்காகப் பள்ளி வழியாக வந்த கருவி (மடிக்கணினி அல்லது கைக்கணினி) 2026 ஜனவரி முதல் இரவு 10.30க்குத் தானே உறக்க நிலைக்குப் போகிறது. அவன் சொந்தக் கைப்பேசிக்கு அந்தப் பூட்டு கிடையாது. வைஃபையை அணைத்தாலும் சிம் கார்டு டேட்டா ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: உயர்நிலை 2 படிக்கும் மகள் இன்ஸ்டகிராம் பார்த்துவிட்டு ‘நான் கறுப்பு, குண்டு’ என்று முகம் வாடிப் போகிறாள். கணக்கையே அழித்துவிடலாமா?
- ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உடனே அழித்தால் உங்களுக்குத் தெரியாமல் இன்னொன்று திறப்பாள். சிங்கப்பூர் மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கடுமையாக இருந்தது. தினம் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகம், உடல் தோற்றக் கவலை, இணையத் துன்புறுத்தல் ஆகியவை அதோடு சேர்ந்தே காணப்பட்டன. ஊடகம்தான் நோயைத் தந்தது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஏற்கெனவே மனம் நொந்த பிள்ளைகளும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள்.

ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். மனத்தைக் குத்தும் பக்கங்களை அவளே ‘மியூட்’ செய்யட்டும். செயலியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதி உண்டு. ஆனால் அழித்த பிறகும் அதே மாதிரி வீடியோக்களில் நின்று நின்று பார்த்தால் சில நாளில் எல்லாம் திரும்பி வந்துவிடும். கணக்கில் பிறந்த ஆண்டு சரியா என்றும் பாருங்கள். 16 வயதுக்குட்பட்டோர் பாதுகாப்பு அமைப்புகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆண்டைக் கூட்டிப் போட்டிருந்தால் அந்தக் காவல் வேலை செய்யாது.

வீட்டுக்கு வரும் பெரியம்மாவோ மாமாவோ ‘என்ன, இப்படிக் கறுத்துட்டே?’ என்று கேட்டால் அங்கேயே தடுத்துவிடுங்கள். திரையில் பார்த்ததை நம் வீட்டுப் பெரியவர்களே உறுதிப்படுத்தினால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?

கேள்வி: எப்போது வெளியுதவி தேட வேண்டும்?
- வாசகர், பிடோக்

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, சாப்பாடு இறங்காமை, பள்ளிக்குப் போக மறுப்பு, விரும்பிச் செய்த இணைப்பாட நடவடிக்கையைக் கைவிடுவது போன்றவை தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். பள்ளி ஆலோசகரிடம் தொடங்கலாம். 16 முதல் 30 வயதினருக்கு மனநலக் கழகத்தின் ‘சாட்’ (CHAT) எனும் இளையர் மனநலச் சேவை உண்டு. நம் ஊர் வெயிலில் திடீரென்று நீளக்கை சட்டையே போட்டுத் திரிந்தால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட தழும்பு இருக்கிறதா என்று கைகளைப் பார்க்க வேண்டியிருக்கலாம். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனநல உதவி எண் 1771, தற்கொலைத் தடுப்பு எண் 1767 இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995; உதவி வரும்வரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.