இந்த மாதத் தபாலில் வந்த மூட்டுவலிகள்

மூட்டுவலி பற்றி மருத்துவரான எனக்கு எழுதும் வாசகர்களிடமிருந்து இந்த முறை நாற்பது கடிதங்களுக்கு மேல். பாதிப் பேர் வயதை எழுதவில்லை. கால்வாசிப் பேர் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் எழுதவில்லை. "மஞ்சள் கலரில் சின்னதாக இருக்கும்" என்றால் நான் எதை நினைத்துக்கொள்வது? ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் மஞ்சள், மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் மஞ்சள். முதலாவதைத் தினமும் போட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டாவதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைப் பார்த்து எழுதுங்கள். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

குலசேகரம்: ரப்பர் பால் வெட்டுகிறேன், வயது 44. அதிகாலையில் கத்தியைப் பிடிக்கக் கை மடங்குவதில்லை. ஒன்பது மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. ஆர்ஏ ஃபேக்டர் (முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். அதனால் வாதம் இல்லை என்கிறார்கள். வேலை அலுப்புதானா?

வேலை அலுப்பு என்றால் வெட்ட வெட்ட வலி கூடியிருக்கும், சாயங்காலம் படுத்துக்கிடப்பீர்கள். உங்களுக்கு வேலை செய்யச் செய்யக் கை இளகுகிறது. அழற்சியால் வரும் மூட்டுவாதத்தின் குணம் அதுதான். மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குள் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாகப் புகுந்து, அதைத் தடிக்கவைத்து, நீர் கோக்கவைக்கின்றன. அந்த அணுக்கள் விடும் ஐஎல்-6 போன்ற ரசாயனங்கள் விடியற்காலையில்தான் உச்சத்துக்கு ஏறும். நீங்கள் கத்தியும் டார்ச்சுமாகத் தோட்டத்துக்குள் இறங்குவதும் அதே நேரம். பத்து மணிக்குக் கடை திறக்கிறவருக்கு இது வந்திருந்தால் ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்திருப்பார். உங்கள் தொழில் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்ற தாளைக் காட்டி யாரும் நோய் இல்லை என்று சொல்லக்கூடாது. முடக்குவாதம் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 30 பேருக்கு அது நெகட்டிவ்தான். ஆன்டி-சிசிபி, சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள், இரண்டு கைக்கும் எக்ஸ்ரே ஆகியவற்றை எடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு சின்ன சோதனை: விரல்கள் தொடங்கும் இடத்து முட்டிகளை, கை குலுக்குவதுபோல மற்றவரை விட்டு இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். 'அம்மா' என்று கத்தினால் அடுத்த வாரமே வாத மருத்துவரைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் எலும்பு தப்பும். அரித்துப்போன எலும்பு திரும்ப வராது. பீடி உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இன்றோடு விடுங்கள். இந்த நோயைக் கிளப்புவதிலும் மருந்தை வேலை செய்ய விடாமல் தடுப்பதிலும் புகைக்குப் பங்கு உண்டு.

மார்த்தாண்டம்: மாஸ்டர் செக்கப்பில் ஏஎன்ஏ (தன் அணுக்களையே தாக்கும் ஆன்டிபாடிக்கான இரத்தப் பரிசோதனை) 1:80 பாசிட்டிவ். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று இணையத்தில் போட்டிருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

தூங்குங்கள். ஆரோக்கியமானவர்களிலும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த அளவில் பாசிட்டிவ் வரும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம், முடி உதிர்வு, சிறுநீரில் புரதம் என்று எதுவும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கவே கூடாது. 'பேக்கேஜ்' என்று மொத்தமாகக் கட்டி விற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

குளச்சல்: யூரிக் ஆசிட் 9. கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. இதுவும் தன்னெதிர்ப்பு நோயா? சாளை, நெத்திலி சாப்பிடலாமா?

இது கவுட். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் கிடையாது. ஆனால் வலியைத் தருவது உங்கள் எதிர்ப்பு மண்டலம்தான். மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்த யூரேட் (யூரிக் ஆசிட் உப்பு) படிகத்தை அந்நியன் என்று எண்ணி வெள்ளை அணுக்கள் விழுங்கப் போகின்றன, முடியாமல் வெடித்துத் தீயைக் கிளப்புகின்றன. சாளையிலும் நெத்திலியிலும், உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் அதிகம். வலி இருக்கும் நாட்களில் வேண்டாம், மற்ற நாட்களில் அளவோடு சாப்பிடுங்கள். குளச்சல்காரரிடம் மீனை அடியோடு நிறுத்தச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மீனைவிடப் பெரிய எதிரி பீர். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை! உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் 9 என்பது 6-க்குக் கீழ் வராது. அதற்கு மாத்திரை வேண்டும், தொடர்ந்து வேண்டும்.

கருங்கல்: என் மகளுக்கு லூபஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்தது என்று சொல்லி, சக்தி கூட்டும் பொடி, லேகியம் எல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம். தொடரலாமா?

வீட்டைக் காக்கிற நாய்க்கு வெறி பிடித்து வீட்டுக்காரரையே கடிக்கிறது. அதற்கு இன்னும் கறி போட்டு வளர்ப்பீர்களா? லூபஸில் எதிர்ப்புச் சக்திக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் அடையாளம்தான் அதற்குத் தெரியாமல் போயிற்று. மகளின் சொந்த அணுக்களுக்குள் இருக்கும் டிஎன்ஏவையே அந்நியன் என்று எண்ணி ஆன்டிபாடி தயாரிக்கிறது. அது சிறுநீரகத்தில் படிந்தால் பேச்சு வேறு. 'இம்யூனிட்டி' என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் எதையும் இந்த நோயாளிகளுக்குக் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரை, பயறு, மீன் என்று வீட்டுச் சாப்பாடு தாராளமாகக் கொடுங்கள். மதிய வெயிலில் குடை இல்லாமல் அனுப்பாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறவிடாதீர்கள்.

தக்கலை: மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை போடுகிறேன். போன வாரம் மறந்துவிட்டேன். இந்த வாரம் இரட்டிப்பாகப் போடலாமா?

கூடாது. ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தால் நினைவு வந்த அன்று ஒருமுறை போட்டிருக்கலாம். முழு வாரமே போய்விட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான அளவைத் தொடருங்கள். ஏற்கெனவே பலமுறை எழுதியதுதான், இன்னொரு முறையும் எழுதுகிறேன்: இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. ஞாயிறு திருப்பலிக்குப் போகிறவர்கள் ஞாயிறு, வெள்ளி தொழுகைக்குப் போகிறவர்கள் வெள்ளி, செவ்வாய் அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. வாயெல்லாம் புண், காய்ச்சல், வறட்டு இருமல் என்று ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பூதப்பாண்டி: மாமியாருக்கு (62) சரவாங்கி (முடக்குவாதம்). ஒருவர் தரும் பொடியில் இரண்டே நாளில் வலி போய்விட்டது. சுத்த மூலிகை, பக்கவிளைவே இல்லை என்கிறார். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார். பசி நன்றாக எடுக்கிறது, முகம் பூரித்திருக்கிறது. இடையில் சர்க்கரை வந்துவிட்டது. பழைய மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

கேள்வியையும் எழுதி, பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு நாளில் எல்லா மூட்டிலும் வலி மாயம், பசி, நிலா மாதிரி முகம், புதிதாகச் சர்க்கரை. ஸ்டீராய்டு பற்றி மருத்துவ மாணவர்களுக்கு நாங்கள் பாடம் எடுப்பது இதே வரிசையில்தான்.

இந்த இரண்டு நாள் அதிசயம் புதிதல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் எழுந்து நடக்கவே சிரமப்பட்ட ஓர் இளம் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் நடந்து வெளியே கிளம்பிவிட்டார். உலகமே வாயைப் பிளந்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே ஊதிய முகமும் நொறுங்கும் எலும்பும் வெளிச்சத்துக்கு வந்தன. எழுபது வருடத்துக்கு மேல் ஆன அந்தக் கதையை ஊர் பேர் இல்லாத பொட்டலத்தில் மடித்து இன்று நமக்கு விற்கிறார்கள்.

ஒரு பாட்டியின் கதை சொல்கிறேன். எங்கிருந்து வந்தார் என்று சொல்லப்போவதில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த செய்தித்தாள் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார். "பொடி கொள்ளாம் டாக்டரம்மா, எனக்க முட்டு நல்லா மடங்குது" என்றார். விரித்துப் பார்த்தேன். பழுப்புப் பொடிக்கு நடுவே மாவாகாத வெள்ளைத் துணுக்கு ஒன்று. மாத்திரையில் இருக்கும் பிளவுக்கோடு பாதி அப்படியே தெரிந்தது. எந்த மூலிகைக்கு ஐயா நடுவில் கோடு இருக்கும்? காலை எட்டு மணி இரத்தத்தில், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் பார்த்தோம். பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது ஒன்றுகூட இல்லை. பாட்டியின் கை முழுக்க, லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் இரத்தம் கட்டியிருந்தது. தோல் வெங்காயச் சருகுபோல. முதுகெலும்பில் இரண்டு கண்ணி அமுங்கியிருந்தது. அவரோ பொடிக்காரரை வாயார வாழ்த்திக்கொண்டிருந்தார்.

எனக்கு ஸ்டீராய்டுமேல் பகை இல்லை. நானே தினமும் எழுதுகிறேன். பெயரை எழுதி, அளவை எழுதி, எத்தனை வாரம் என்று எழுதி, எப்படிக் குறைப்பது என்றும் எழுதித் தருகிறேன். எலும்புக்குக் கால்சியம் சேர்க்கிறேன், சர்க்கரை பார்க்கிறேன். அந்தப் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? இந்த மாதம் கொஞ்சம், அடுத்த மாதம் கூட என்றுதானே போகும்? எலும்பு முறிவுக்கும் சுளுக்கிற்கும் கட்டுப்போடும் நல்ல ஆசான்கள் நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர் தருகிற மருந்துக்கும் பெயர் உண்டு, சீட்டு உண்டு. பெயர் எழுதாத மருந்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் தந்தாலும் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்திலும் வெறும் கவரில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற ஆட்கள் உண்டு.

இனி முக்கியமானது. இதைப் படித்த கோபத்தில் பொடியை இன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள். உடம்பு தினமும் சுரக்கிற கார்ட்டிசால், 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து எட்டு மாதம் வந்துகொண்டே இருந்ததால், அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் படுத்து, ஐசியூவில் போய் முடியும். பொட்டலத்தோடு மாமியாரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அளவு தெரிந்த பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, மாதக்கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். பழைய மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம், பொடியையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திங்கள்சந்தை: தைராய்டுக்கு மாத்திரை போடுகிறேன். ஆன்டி-டிபிஓ (தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி) 600 இருக்கிறது. அதைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். தைராய்டின் வேலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆன்டி-டிபிஓவை ஒருமுறை பார்த்தாயிற்று, உங்கள் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான் காரணம் என்று தெரிந்தது, அத்தோடு விடுங்கள். தன் உடம்பைத் தானே தாக்கும் நோய் இருக்கவே முடியாது என்று மருத்துவ உலகம் ரொம்ப நாள் அடம்பிடித்தது. 1956-ல் முயலின் தைராய்டை வைத்துத்தான் ரோஸ், விட்டெப்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த அடத்தை உடைத்தார்கள். உங்கள் சுரப்பிக்கு அப்படி ஒரு பெருமை உண்டு.

அருமனை: மகனுக்கு 11 வயது. தொண்டைவலி வந்து மூன்று வாரத்தில் முழங்கால், கணுக்கால் மாறி மாறி வீங்கியது. 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போடுகிறார்கள். இப்போது நன்றாக ஓடியாடுகிறான். நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள், அம்மா. இது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேற்பூச்சும் இதய வால்வின் புரதமும் பார்ப்பதற்கு ஒரே சாயல். கிருமியை அடிக்கப் புறப்பட்ட ஆன்டிபாடி வால்வையும் சேர்த்து அடிக்கிறது. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்களிடையே பழைய பேச்சு உண்டு. மூட்டு சரியானது கணக்கில் வராது. அடுத்த தொண்டைவலி வராமல் தடுக்கத்தான் அந்த ஊசி. இதயம் பாதிக்காவிட்டாலும் 21 வயதுவரை போட வேண்டும். வால்வு கெட்டிருந்தால் நாற்பதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள்.

நாகர்கோவில்: மாப்பிள்ளைக்கு சோரியாசிஸ். ஒட்டுமா?

ஒட்டாது. மற்ற விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோவாளை: பூ கட்டும் வேலை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் போடுகிறேன். குழந்தைக்கு முயற்சிக்கலாமா?

முயற்சிக்கலாம், ஆனால் இந்த மாதமே வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். அதை நிறுத்தி மூன்று மாதமாவது தாண்ட வேண்டும், அதுவரை பாதுகாப்பாக இருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினை விடாதீர்கள், கர்ப்பத்திலும் போடலாம். இரண்டையும் மாற்றிப்போட்டு நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அட்டைப் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

ஊர் எழுதாத ஒருவர்: ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 60. என்ன மருந்து?

யாருக்கு? எத்தனை வயது? என்ன தொந்தரவு? ஈஎஸ்ஆர் சளி பிடித்தாலும் ஏறும், இரத்தசோகையிலும் ஏறும், காசநோயிலும் ஏறும். எண்ணுக்கு மருந்து கிடையாது.

முட்டம்: மீன் விற்கிறேன், வயது 38. ஐஸில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அப்புறம் நீலம், அப்புறம் சிவந்து எரிகிறது. இப்போது மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் தோல் இறுகியிருக்கிறது.

நிறம் மாறுவது மட்டும் என்றால் ஐஸ் வேலை செய்யும் பலருக்கும் வரும், பயப்பட ஒன்றும் இல்லை. தோல் இறுகுகிறது என்று கடைசியில் எழுதினீர்களே, அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். தோலை இறுக்கும் தன்னெதிர்ப்பு நோயான ஸ்க்ளீரோடெர்மாவா என்று பார்க்க வேண்டும். ஏஎன்ஏ, நுரையீரல் ஸ்கேன், இரத்த அழுத்தம் மூன்றும் தேவை. தள்ளிப்போடாதீர்கள். அதுவரை வெறும் கையால் ஐஸைத் தொட வேண்டாம். கையுறை போட்டால் மீன் வழுக்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், தெரியும். உள்ளே நூல் கையுறை, அதன்மேல் சொரசொரப்பான ரப்பர் கையுறை போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கிறது நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும்.