ஓங்கே 45% என்று வந்தால் பூர்வீகம் அந்தமானா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "என் அம்மாவின் தம்பி, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1970களில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குப் போனார். சுனாமிக்குப் பிறகு தொடர்பே இல்லை. கட்டாரில் வேலை செய்யும் மகன் எச்சில் அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்து, அந்தக் கோப்பை ஓர் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தான். 'ஓங்கே 45%' என்று வந்தது. ஹட்டனில் ஒருவர், நாங்கள் அந்தமான் ஆதிவாசிகளாம், பழங்குடிச் சான்றிதழ் எடுத்து அங்கே குடியேறலாமாம் என்று 80,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணம் என்று ஐயாயிரம்கூடக் கொடுக்காதீர்கள்.

ஓங்கே என்பவர்கள் சின்ன அந்தமானில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, மீன் பிடித்து வாழ்ந்த மக்கள். 2011 குடிசனக் கணக்கில் 101 பேர்தான். தென்னிந்தியாவின் ஆதி வேட்டை மக்களுக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம். கிளை பிரிந்து பல பத்தாயிரம் வருஷம் ஆகிறது. 2009இல் ஐதராபாத், அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தியர்களின் பழைய கலப்பை அளக்க முனைந்தபோது, அந்த ஆதி மக்களின் கலப்பில்லாத டி.என்.ஏ. கையில் இல்லை. அதனால் ஓங்கேயரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படம் எடுக்காமலே செத்துப்போன பூட்டியின் முகஜாடையைத் தெரிந்துகொள்ள, அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சியை உட்கார வைத்துப் பார்ப்போமே, அதுபோல. பேரனுக்கு அந்த மூக்கு இருக்கிறது என்பதற்காக அவன் தங்கச்சி வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவானா? மகனுடைய 45% அந்த மூக்குத்தான். திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ இருப்பவர்கள் அதே தளத்தில் போட்டுப் பார்த்தாலும் ஓங்கே பங்கு வரும்.

அப்படியானால் இலங்கையின் ஆதிவாசிகளான வேடர் வழியா என்று கேட்பீர்கள். அதற்கும் இந்த எண் சாட்சி இல்லை. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் டி.என்.ஏ.வைக் கிளை கிளையாகப் பிரித்து, எழுத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தமானியரின் தாய்வழிக் கிளைகள் எம்31, எம்32. நம் வேடர்களிடம் எம் கிளையே குறைவு, ஆர், யூ கிளைகள்தான் கூட.

இனி அந்த ஹட்டன் ஆள். இந்தியாவில் பழங்குடிச் சான்றிதழ், பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்த இந்தியக் குடிமகனுக்கு. எச்சில் சோதனையை அங்கே யாரும் கேட்பதில்லை. ஓங்கேயர் வாழும் ஒதுக்கிடத்துக்குள் வெளியார் அனுமதியின்றி நுழைவதையே 1956ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. குடியேற்றுவதாம்! கச்சால் அந்தமானில்கூட இல்லை, நிக்கோபாரில் இருக்கிறது. அங்குள்ள நிக்கோபாரியர் வேறு மொழி, வேறு வம்சவழி. இதுகூடத் தெரியாதவர் கையில் அடையாள அட்டைப் பிரதியையும் மகனின் டி.என்.ஏ. கணக்குக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடாதீர்கள். போன மாதம் பண்டாரவளையில் ஒரு பெரியவர் இப்படியொரு டி.என்.ஏ. முடிவின் வண்ண வட்டப்படத்தை லேமினேட் செய்து மடியில் வைத்திருந்தார். மூலையில் ரப்பர் முத்திரை வேறு. அதற்காக ஒரு ஜோடித் தோட்டை அடகு வைத்திருக்கிறார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்தச் சோதனை உதவும்: பிரிந்த சொந்தத்தைத் தேட. மாமாவின் பேரப்பிள்ளை யாராவது அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால், உறவுப் பட்டியலில் மகனோடு சுமார் 3% ஒத்து வரும். ஆனால் நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒரே ஆள் இரண்டு மூன்று வழியில் சொந்தமாவதால் பொதுவான பங்கு கூடும். 6% என்று வந்து, நிறுவனம் இன்னும் நெருங்கிய உறவு என்று எழுதினாலும் நம்பிவிடக் கூடாது. இரண்டு பக்கத்துப் பாட்டி, தாத்தா பெயர்களையும் ஊரையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பட்டியலில் யாருமே வராவிட்டால், அவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பூர்வீகத்துக்குச் சான்று காகிதம்தான்: பிறப்புப் பதிவு, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), மாமா போனபோது கிடைத்த பயண ஆவணத்தின் பிரதி. அதை எடுக்கிற பாடு எனக்குத் தெரியும். என் அப்பாவின் பதிவுக்கு ஓர் அலுவலகத்தில் நான்கு தரம் ஏறி இறங்கினேன்; கிடைத்ததில் முத்தையா முத்துசாமி ஆகியிருந்தார், திருத்த இன்னொரு வருஷம். இப்படி அலைய விடுவதால்தான் சனம் புரோக்கரிடம் போகிறது. இருந்தாலும் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.