இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் கேமேப்பை அழைக்கலாமா? என் மடிக்கணினியில் பிழையின்றி ஓடுகிறதே?

நீங்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்யும் மாணவர் என்றும், உங்கள் மடிக்கணினி 64-பிட் என்றும் ஊகிக்கிறேன். அப்படியானால் அது ஓடுவது எதையும் நிரூபிக்காது. 64-பிட் லினக்ஸில் நினைவகம் முழுவதும் கேர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) எப்போதும் தெரிவதால், நினைவகப் பக்கமொன்றைக் கேர்னலின் முகவரியோடு இணைக்கும் கேமேப் (kmap) ஏற்கெனவே உள்ள முகவரியைத் திருப்பித் தருகிறது; இணைப்பை விடுவிக்கும் கேஅன்மேப் (kunmap) எதுவுமே செய்வதில்லை.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்காக, கறுத்த மணிகளைக் கமராவால் பார்த்து ஒதுக்கும் கருவி ஒன்றுக்கு டிரைவர் (கேர்னல் அக்கருவியை இயக்க உதவும் நிரல்) எழுதினேன். பலகையோ 32-பிட் ஏஆர்எம், 1 ஜிபி நினைவகம். அதில் கேர்னல் நேரடியாகக் காண்பது ஏறத்தாழ 760 எம்பி மட்டுமே. மீதிப் பக்கங்களைத் தேவைப்படும்போது தற்காலிகமாக இணைத்துக்கொள்ள 512 இடங்களே உள்ளன. ஒவ்வொரு படம் முடிந்ததும் கமராவிலிருந்து வரும் குறுக்கீட்டில் (இன்டரப்ட்), அதாவது அதைக் கையாளும் ஹேண்ட்லருக்குள், நான் பக்கத்தை இணைத்து, தரவை எழுதி, விடுவித்தேன். படம் பழுதாக வந்தால் மட்டும் விடுவிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஆலையின் பெரிய மோட்டார் தொடங்கும்போது மின்னழுத்தம் விழும், படம் பழுதாகும், ஓரிடம் சிக்கிக்கொள்ளும். சில நாள்களில் இடங்கள் தீர்ந்ததும், கேமேப் இடம் கிடைக்கும்வரை உறங்க முயன்றது. குறுக்கீட்டுக்குள் உறங்க முடியாதாகையால் பலகை அப்படியே நின்றது. பலகையை விற்றவர்களிடம் கேட்டபோது, கேர்னலின் பதிவேட்டை (லாக்) பார்க்காமலேயே "வன்னிப் பக்கத்துக் கரண்ட் அப்படித்தான், தம்பி" என்றார்கள். நானும் அதை நம்பி ஒரு மின்னழுத்தச் சீராக்கிக்குக் காசு கொட்டினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. கரண்டில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது என் பிழையை வெளியே கொண்டுவந்ததே தவிர, உண்டாக்கவில்லை.

32-பிட் காலம் முடிந்துவிட்டது என்று சிலர் இங்கே எழுதக்கூடும். ஆலைகளிலும் வயல்களிலும் ஓடும் மலிவான பலகைகளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹேண்ட்லருக்குள்ளேயே இணைக்க வேண்டுமானால், 2021இல் வெளிவந்த 5.11 கேர்னலிலிருந்து உள்ள கேமேப் லோக்கல் பேஜைப் (kmap_local_page) பயன்படுத்துங்கள். அது குறுக்கீட்டிலும் செல்லும். ஆனால் இணைத்த இடத்திலேயே விடுவிக்க வேண்டும், இரண்டை இணைத்தால் கடைசியாக இணைத்ததை முதலில் விடுவிக்க வேண்டும், அந்த முகவரியை வேறு த்ரெட்டிடம் (தனியே ஓடும் வேலைத்தொடரிடம்) கொடுக்கக் கூடாது. நான் கடைசியில் ஹேண்ட்லரில் கருவிக்குப் பதிலளிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, நகலெடுக்கும் வேலையை ரிக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ (request_threaded_irq) வழியாக ஒரு த்ரெட்டுக்கு மாற்றினேன். பழுதான படத்துக்கும் நல்ல படத்துக்கும் விடுவிக்கும் வழி ஒன்றே என்றாக்கினேன்.

உங்கள் மடிக்கணினியின் கேர்னலை உறங்கக் கூடாத இடத்தில் உறங்கக்கூடிய அழைப்பைக் காட்டிக்கொடுக்கும் டீபக் அட்டோமிக் ஸ்லீப் (CONFIG_DEBUG_ATOMIC_SLEEP) தெரிவுடன் மீண்டும் தொகுத்து, அதே டிரைவரை இன்றிரவே ஓட்டிப் பாருங்கள்; கேமேப்பை ஹேண்ட்லரில் அழைத்த முதல் தடவையே எச்சரிக்கை பதிவேட்டில் விழும்.