விண்மீன் கூரையும் நம் பயாஸ்கோப்புகளும்

கேள்வி: டர்பன் மாநகர மண்டபத்துக்கு எதிரே உள்ள பிளேஹவுஸ், முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்தது என்கிறார் என் பெரியப்பா. அது மட்டும் எப்படித் தப்பியது? கிரே தெருப் பக்கம் எஞ்சியிருக்கும் பயாஸ்கோப் (சினிமாக் கொட்டகை) கட்டடங்களைக் காக்க, அவற்றின் உரிமையாளர் அல்லாத எங்களுக்கு ஏதேனும் வழி உண்டா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: பெரியப்பா சொல்வது சரியே. 1935இல் திறக்கப்பட்ட பிளேஹவுஸ், பழைய ஆங்கிலேய டியூடர் பாணி முகப்பும், சிறு மின்விளக்குகள் விண்மீன்களாய் மினுங்கும் கூரையும் கொண்டு, படம் தொடங்கும் முன்பே பார்வையாளரை மயக்குவதற்காகக் கட்டப்பட்ட மாளிகை. அந்த வானம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், பெரியப்பாவின் தலைமுறை அதன் வாசலைத்தான் பார்த்திருக்கும். 1976இல் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்த பின் கொட்டகைகளில் கூட்டம் குறைந்தது. ஆனால் பிளேஹவுஸுக்குப் பொதுப்பணமும் புதுப் பயனும் கிடைத்தன; பக்கத்திலிருந்த மற்றொரு பழைய கொட்டகையையும் இணைத்து, 1986இல் அது நிகழ்கலை வளாகமாகத் திறக்கப்பட்டது. நம்மவர் சொந்த முதலில் நடத்திய அவலான், ஷாஜகான் போன்ற அரங்குகளுக்கு அத்தகைய கை கொடுப்பார் இல்லை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டமோ, அவற்றின் பார்வையாளர்களில் பலரைக் குடும்பத்தோடு பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டது.

வழி உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டம், 34ஆம் பிரிவின்படி, 60 ஆண்டுகளைக் கடந்த எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு ஆணையத்தின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் அந்தப் பொறுப்பு அமாஃபா என்னும் மரபு அமைப்பினுடையது. 1950களில் எழுந்த கொட்டகைகளெல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. பலர் கவனிக்காத செய்தி ஒன்று: சட்டத்தின் விளக்கப்படி 'கட்டடம்' என்பது அதில் பொருத்தப்பட்டவற்றையும் உள்ளடக்கும், 'மாற்றம்' என்பதில் வண்ணப்பூச்சும் சாந்துப் பூச்சும்கூட அடங்கும். ஆகவே சுவரை இடிக்காமல் நாற்காலி வரிசைகளைப் பெயர்த்தெடுப்பதும் கேள்விக்குரியதே. அனுமதியில்லாத வேலை கண்ணில் பட்டால் ஒளிப்படத்துடன் அமாஃபாவுக்கு எழுதுங்கள். ஒரு கட்டடத்தை மாகாண மரபிடமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். உரிமைப் பத்திரம் தேவையில்லை.

இருப்பினும் அனுமதி மறுப்பு இடிப்பைத் தடுக்குமே தவிர, ஒழுகும் கூரையைச் செப்பனிடப் பணம் தராது. கடையாகவோ மண்டபமாகவோ பயன்பட்டு நிற்கும் கொட்டகையை நான் குறை சொல்லமாட்டேன். பூட்டிக் கிடப்பதைவிட அது மேல். இதற்கிடையில் பெரியப்பாவிடம் பழைய நுழைவுச்சீட்டுகள், தமிழ்ப் பட விளம்பரத் தாள்கள் இருந்தால், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் சேர்ப்பதைப் பற்றி அவரிடம் பேசுங்கள். எந்த அரங்கு, எந்த ஆண்டு என்று அவர் நினைவிலிருப்பதையும் உடன் எழுதி வையுங்கள்.